தாமிரபரணி வற்றாத ஆறுதான், ஆனா எது அதை வற்றாம வச்சிருக்கு, எந்த ஊர் வரைக்கும் வற்றாம இருக்கு

தாமிரபரணி பத்தி அடிக்கடி வர்ற கேள்வி மூணு. தாமிரபரணி வற்றாத ஜீவநதின்னு ஸ்கூல்லேர்ந்து படிச்சிருக்கோம், அப்புறம் ஏன் கோடையில கடலுக்குக் கிட்ட ஏரல், ஆத்தூர் பக்கம் ஆறு மணல்திட்டும் முள்ளுமா கிடக்கு? டேம் இத்தனை இருந்தும் 2023 டிசம்பர்ல அவ்ளோ பெரிய வெள்ளம் எப்படி வந்துச்சு? கடைசியா, ஆறு உண்மையில நல்லா இருக்கா இல்லையா? மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கிற விஷயம், அதனால நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

பொதிகை மலை உச்சி 1,868 மீட்டர் உயரம். அந்த மலையில பூங்குளம்ங்கிற இடத்துல ஊத்தா ஆரம்பிச்சு, வழியில சின்னச் சின்ன ஓடையெல்லாம் சேர்த்துக்கிட்டு, பாணதீர்த்தம் அருவியா விழுந்து காரையார் டேமுக்குள்ள (பாபநாசம் மேல் அணைன்னு சொல்றதும் இதைத்தான்) வருது. அங்கேர்ந்து புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவுல சேர்ற வரைக்கும் எல்லாம் சேர்த்து சுமார் 125 கிலோமீட்டர்தான். காவிரி 800 கிலோமீட்டர், அதோட பார்த்தா இது ரொம்பச் சின்ன ஆறு. ஆனா தமிழ்நாட்டுக்குள்ளயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளயே கடல்ல சேருது, அதனால இதுல என்ன நடந்தாலும் பக்கத்து மாநிலத்தைக் கை காட்ட முடியாது, நல்லதும் கெட்டதும் முழுக்க நம்ம பொறுப்புதான்.

இப்ப மழைக் கணக்கு. தூத்துக்குடி, திருநெல்வேலி சமவெளியில வருஷத்துக்கு சராசரியா 600லேர்ந்து 700 மி.மீ. சுத்தித்தான் மழை, அதுவும் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர், டிசம்பர்ல வடகிழக்குப் பருவமழையில வர்றது. ஆனா மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டுக்கு மேல நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி பக்கம் போனீங்கன்னா 3,000 மி.மீ.க்கு மேல சாதாரணமா பெய்யும், அங்க தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு. நேர்கோட்டுல பார்த்தா ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான் வித்தியாசம், மழை நாலஞ்சு மடங்கு வித்தியாசம். அதாவது ஆத்தோட மொத்த நீர்ப்பிடிப்புப் பரப்புல ஒரு சின்னப் பங்கா இருக்கிற அந்த மலைதான் ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தண்ணியில பெரும்பங்கை தருது. கார் சாகுபடி நடக்கிறதே அந்தத் தென்மேற்கு மழையை நம்பித்தான், பிசானம் வடகிழக்கை நம்பி. ஒரே ஆத்துல ரெண்டு பருவமழையும் வந்து ரெண்டு நெல் பட்டம் எடுக்க முடியுதுன்னா அது பொதிகையோட கொடை.

ஆனா மழை பெய்யுறதால மட்டும் ஒரு ஆறு வற்றாம இருக்காது, அதுதான் நிறைய பேர் கவனிக்காத இடம். மழை இல்லாத பிப்ரவரி, மார்ச்லயும் மலையில ஓடைகள் ஓடிக்கிட்டே இருக்கு பாருங்க, அந்தத் தண்ணி அன்னைக்குப் பெய்ஞ்ச மழை கிடையாது, மாசக்கணக்கா மண்ணுக்குள்ள உக்காந்திருந்து கொஞ்சம் கொஞ்சமா கசியுற தண்ணி. பசுமைமாறாக் காட்டுல நடந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், காலை வச்சா மெத்துன்னு உள்ள போகும், இலைச்சருகு அடுக்கடுக்கா மக்கி, அதுக்குக் கீழ வேரும் புழுவும் கரையானும் தோண்டி வச்ச ஓட்டைகள், மழை எவ்ளோ அடிச்சாலும் தரைமேல ஓடாம உள்ள இறங்கிடும். மேல ஈத்தக்காடும் புல்வெளியும் சோலையும் மாறி மாறி இருக்கும், மூடுபனி அடிக்கிற நாள்ல மழையே இல்லாம இலை நுனியிலேர்ந்து சொட்டுச்சொட்டா தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கும். அடியில இருக்கிறது கெட்டியான பாறை, அது அதிகமா குடிக்காது, அதனால அந்த மண்ணோட ஆழமும் பாறை வெடிப்புகளும்தான் மலையோட மொத்த சேமிப்பும். காட்டை அழிச்சா மழை அதே அளவு பெய்யும், ஆனா வெள்ளமா ஒரே வாரத்துல வந்துட்டுப் போயிடும், மார்ச்ல ஓடை இருக்காது. அந்தக் காடு இன்னைக்கும் தப்பிச்சு நிக்கிறதுக்கு முக்கியமான காரணம் 1962ல முண்டந்துறை, 1976ல களக்காடு சரணாலயம் ஆனதும், ரெண்டும் சேர்ந்து 1988ல புலிகள் காப்பகம் ஆனதும்தான். புலிக்காகப் பண்ணினது, தூத்துக்குடி குழாயில தண்ணி வர்றதுக்கும் அதுதான் காரணமா இருக்கு.

அடுத்தது டேம். நம்ம ஊர் பேப்பர்ல தினமும் பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடின்னு போடுவாங்க, டீக்கடையில எல்லாரும் அதைத்தான் மொதல்ல பார்ப்பாங்க. அந்த அடிக்கணக்கை வச்சு தண்ணி எவ்ளோ இருக்குன்னு முடிவு பண்ணவே கூடாது. 1942ல கட்டி முடிச்ச பாபநாசம் மேல் அணை 143 அடி, கொள்ளளவு 5,500 மில்லியன் கனஅடி. சேர்வலாறு 156 அடி, பார்க்க அதைவிட உயரம், ஆனா கொள்ளளவு 1,225தான், நாலுல ஒரு பங்கு கூட இல்ல. 1958ல வந்த மணிமுத்தாறு 118 அடிதான், ஆனா 5,511 பிடிக்கும். பள்ளத்தாக்கு புனல் மாதிரி கீழ குறுகி மேல விரிஞ்சிருக்கும், அதனால அடியில இருக்கிற முதல் அம்பது அடியில இருக்கிறதைவிட உச்சியில இருக்கிற இருபது அடியில அதிகத் தண்ணி இருக்கலாம். பாபநாசம் 72 அடின்னு போட்டா பாதி இருக்குன்னு நினைக்கிறோம், உண்மையில பாதிக்கு ரொம்பக் கீழ. பேப்பர்ல அடியோட சேர்த்து கொள்ளளவையும் போட்டாலே மக்கள் தண்ணியைப் பார்க்கிற பார்வை மாறும்னு நான் உறுதியா நம்புறேன்.

சரி, டேமுக்குக் கீழ வருவோம், எனக்கு இந்த ஆத்துல ரொம்பப் பிடிச்ச விஷயமே இங்கதான் இருக்கு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம்னு வரிசையா எட்டு அணைக்கட்டு, அதாவது ஆத்துத் தண்ணியை மறிச்சுக் கால்வாய்க்குத் திருப்புற குறுக்குச் சுவர். முதல் ஏழும் பழைய காலத்து ராஜாக்கள் காலத்துல கட்டினது, ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளக்காரன் காலத்துல 19ஆம் நூற்றாண்டுல வந்தது. எட்டுலேர்ந்தும் பதினோரு கால்வாய் பிரியுது, சுமார் 86,000 ஏக்கர் பாசனம். கால்வாய் நேரா வயலுக்கு மட்டும் போகாது, வழியில வரிசையா குளங்களை நிரப்பிக்கிட்டுப் போகும், குளத்துலேர்ந்து வயலுக்கு. இப்படி வயல்ல பாய்ச்சின தண்ணியில ஒரு பங்கு மண்ணுக்குள்ள இறங்கி, குளத்துலேர்ந்தும் கசிஞ்சு, மறுபடி ஆத்துக்கே வந்து சேரும், அதை அடுத்த அணைக்கட்டு பிடிச்சு அடுத்த கால்வாய்க்குத் தரும். அதனால அம்பாசமுத்திரத்துல பாய்ஞ்ச அதே தண்ணி சேரன்மகாதேவியில ஒரு தடவை, திருநெல்வேலியில ஒரு தடவை, மருதூர்ல ஒரு தடவைன்னு மறுபடி மறுபடி பயன்படுது. சேமிப்பு ஒரே இடத்துல பெரிய டேமா இல்லாம ஆறு முழுக்கப் பரவிக் கிடக்கு. அதுதான் சமவெளியில ஆத்தை உயிரோட வச்சிருந்த ரகசியம், அதுலதான் இப்ப ஒவ்வொரு கண்ணியா விட்டுப் போய்க்கிட்டிருக்கு.

எப்படின்னா, குளங்கள் தூர்ந்து போச்சு, நிறைய இடத்துல அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மூடிக் கிடக்கு, கரையில முள்ளு, உள்ள ஆக்கிரமிப்பு. கால்வாயோட தலைப்பக்கம் இருக்கிறவங்க எடுத்தது போக கடைமடைக்குப் போறது குறைஞ்சுக்கிட்டே வருது. இன்னொரு பக்கம் குடிநீர்த் தேவை ஏறிக்கிட்டே போகுது, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மட்டும் இல்ல, விருதுநகர் மாவட்டத்து ஊர்களுக்கும் இங்கேர்ந்துதான் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல தண்ணி போகுது. ஸ்ரீவைகுண்டம் அணையிலேர்ந்து தூத்துக்குடி தொழிற்சாலைகளுக்கு 20 எம்ஜிடி திட்டம்னு ஒண்ணு 1970கள்லேர்ந்து இருக்கு. 20 எம்ஜிடின்னா ஒரு நாளைக்கு 2 கோடி கேலன், லிட்டர்ல சுமார் 9 கோடி, ஆத்து பாஷையில சொன்னா தொடர்ச்சியா நொடிக்கு 37 கனஅடி. நவம்பர்ல ஆயிரக்கணக்குல கனஅடி ஓடும்போது இது தெரியாது. மே மாசம் அணைக்கு வர்றதே சில நூறு கனஅடியா சுருங்கும்போது 37ங்கிறது பெரிய எண்ணு, அப்ப கடைசி அணைக்குக் கீழ ஆத்துக்குன்னு எதுவும் மிச்சம் இருக்காது. மேல சொன்ன ஏரல் மணல்திட்டு அதுதான். ஆறு மேலேர்ந்து அங்க வரைக்கும் வருது, ஸ்ரீவைகுண்டத்துல கடைசிச் சொட்டையும் எடுத்துடுறோம். அதனால "வற்றாத நதி"ங்கிறது பாபநாசத்துலேர்ந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் உண்மை, கடைசி இருபது முப்பது கிலோமீட்டருக்கு இப்ப உண்மை இல்ல. 2016, 2017ல கங்கைகொண்டான் குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தண்ணி தர்றதை எதிர்த்து பெரிய போராட்டம் நடந்துச்சு, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டு அப்புறம் 2017 மார்ச்ல நீக்கினாங்க, அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனா அந்தக் கவனத்துல கொஞ்சம் கடைமடை ஒதுக்கீட்டு மேலயும் விழுந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

மணலைப் பத்தி தனியா சொல்லணும். ஆத்து மணலை வீடு கட்டுற பொருளாத்தான் பார்க்கிறோம், இந்த ஆத்துல அது ஒரு நீர்த்தேக்கம், அதோட ஒரு ஃபில்டர். மேல வறண்டு தெரிஞ்சாலும் மணலுக்குள்ள தண்ணி மெதுவா நகர்ந்துக்கிட்டே இருக்கும். சீவலப்பேரி, வல்லநாடு, கொண்டாநகரம், சுத்தமல்லி இங்கெல்லாம் ஆத்துக்குள்ள உறைகிணறு இறக்கி குடிநீர் எடுக்கிறாங்களே, அது மணல் வடிகட்டித் தர்ற தண்ணி. பத்து இருபது அடி மணல் இருந்தா அழுக்கும் கிருமியும் பெருமளவு அதுலயே தங்கிடும். மணலை அள்ளி களிமண்ணோ பாறையோ தெரியுற அளவுக்குப் போயிட்டா உறைகிணறு ஊறாது, பக்கத்து ஊர்க் கிணறும் சேர்ந்து இறங்கும், ஏன்னா ஆத்து மட்டம் தாழும்போது கரை நிலத்தடி நீரும் ஆத்துக்குள்ள வடிஞ்சுடும். இதுல கொடுமை என்னன்னா புது மணல் வர்ற வழி மேல அணைகள்ல அடைபட்டுக் கிடக்கு. மலையிலேர்ந்து உருண்டு வர்ற மணலை பாபநாசமும் மணிமுத்தாறும் கடனாநதி அணையும் பிடிச்சு வச்சுக்குது. அதனால அள்ளினது அள்ளினதுதான், நம்ம காலத்துல திரும்ப வராது. 2010ல கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா வழக்கு போட்டு, கோர்ட்ல தானே நின்னு வாதாடி, தாமிரபரணியில மணல் அள்ள அஞ்சு வருஷத் தடை வாங்கினார். அந்த வயசுல அவர் செஞ்ச அந்தக் காரியத்துக்கு ரெண்டு மாவட்டமும் கடன்பட்டிருக்கு. ஸ்ரீவைகுண்டம் அணைக்குள்ள நேர் எதிர்ப் பிரச்சனை, அங்க வண்டலும் சேறும் சேர்ந்து சீமைக்கருவேலமும் அமலையும் முளைச்சு தண்ணி நிக்கிற இடமே போயிடுச்சு. 2015ல பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போய் தூர்வாரும் வேலை ஆரம்பிச்சது, அப்பவும் தூர்வாருறோம்னு சொல்லி மணலை அள்ளிடக் கூடாதேன்னு விவசாயிகள் பயந்ததுல அர்த்தம் இருந்துச்சு.

இப்ப 2023. டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ., திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. சமவெளியில வருஷம் முழுக்கப் பெய்யுறதே 60, 70 செ.மீ.ன்னு மேல சொன்னேன், அதைவிட அதிகமா ஒரே நாள்ல. மாஞ்சோலையிலயும் 55 செ.மீ. பெய்ஞ்சது. டேம் திறந்துதான் வெள்ளம் வந்துச்சுன்னு நிறைய பேர் இன்னும் சொல்றாங்க, டேம்ல தண்ணி திறந்தாங்கதான், ஆனா காயல்பட்டினத்துல பெய்ஞ்ச மழையைப் பிடிக்கிற டேம் எதுவும் கிடையாது, இருக்கவும் முடியாது, எல்லா டேமும் மேற்கே மலையடிவாரத்துல இருக்கு, அந்த மழை கிழக்கே கடலோரத்துல. மேலேர்ந்து ஆத்துல வெள்ளம், பக்கவாட்டுல சிற்றாறும் காட்டோடைகளும், கீழ நேரடி மழை, மூணும் ஒரே நேரத்துல. அதோட குளங்கள் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா சங்கிலியா இருக்கிற அமைப்பு, மேல ஒரு குளம் உடைஞ்சா அந்தத் தண்ணி மொத்தமா கீழ இருக்கிற குளத்து மேல விழும், அதுவும் உடையும். தூர்ந்து போன குளம், மண்ணு சரிஞ்ச கரை, அடைச்ச மறுகால் (குளத்து உபரித் தண்ணி வெளிய போற வழி), வீடு கட்டின ஓடை இதெல்லாம் இருக்கும்போது சங்கிலி வேகமா அறும். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் மாட்டிக்கிட்டாங்க, ஏரல் பாலம் அரிச்சுப் போச்சு. 95 செ.மீ. மழைக்கு எந்த ஏற்பாடும் முழுசா தாங்காது, அதை ஒத்துக்கணும். ஆனா தண்ணி எத்தனை நாள் வடியாம நின்னுச்சு, எந்தெந்த ஊர் தீவாச்சுங்கிறதை முடிவு பண்ணினது மழை மட்டும் இல்ல, வடிகாலும்தான். 1992 நவம்பர்லயும் மலையில கொட்டின மழையால இந்த ஆத்துல பெரிய வெள்ளம் வந்திருக்கு, அதனால இது திடீர்னு வந்த அதிசயம்னும் நினைக்க வேண்டாம்.

ஆறு நல்லா இருக்காங்கிற கேள்விக்கு வர்றேன். ஒரே ஆத்துல நீங்க எங்க நிக்கிறீங்கங்கிறதைப் பொறுத்து பதில் மாறும். சேர்வலாறு பக்கம் காட்டோடையில முழங்கால் தண்ணியில நின்னு ஒரு உள்ளங்கை அளவு கல்லைப் புரட்டிப் பாருங்க. அடியில தட்டையா, வாலுல மூணு மயிர் மாதிரி நீட்டிக்கிட்டு சின்னப் பூச்சிகள் வேகமா நகரும், அது மே ஈயோட இளம்பருவம். மணல்துகளை ஒட்டி ஒட்டி கூடு கட்டிக்கிட்டு இன்னொரு புழு கல்லோட ஒட்டியிருக்கும். இதுங்களுக்கு ஆக்சிஜன் நிறைய இருக்கிற குளிர்ந்த ஓடுற தண்ணி வேணும், இதுங்க இருந்தாலே தண்ணி சுத்தம்னு லேப் போகாமலே தெரிஞ்சுக்கலாம். அதே மாதிரி ஒரு கல்லை திருநெல்வேலியில வண்ணாரப்பேட்டை, மீனாட்சிபுரம் பக்கம் சாக்கடை வந்து விழுற இடத்துக்குக் கீழ எடுத்தா, கல்லே வழுவழுன்னு சாம்பல் நிறப் பாசி பிடிச்சிருக்கும், அடியில சிவப்பா நூல் மாதிரி புழு மட்டும் நெளியும். அந்தச் சிவப்பு அதோட ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜன் குறைஞ்ச சேத்துலயும் பிழைக்கிறதுக்கான ஏற்பாடு. இடையில நூறு கிலோமீட்டர் கூட இல்ல.

திருநெல்வேலி மாநகராட்சி மக்கள்தொகை 2011 கணக்குப்படி 4.7 லட்சம். ஆளுக்கு நூறு லிட்டர் செலவு, அதுல எண்பது கழிவா வெளிய வருதுன்னு வச்சா தினமும் மூணே முக்கால் கோடி லிட்டர், அதாவது சுமார் 15 கனஅடி. இதுல ஒரு பங்கு பாதாளச் சாக்கடையில ராமையன்பட்டிக்கு சுத்திகரிப்புக்குப் போகுது, மிச்சம் ஓடையிலும் வாய்க்காலிலும் இறங்கி ஆத்துக்கு வருது. ஆத்துல 10,000 கனஅடி ஓடும்போது அந்தக் கழிவு கரைஞ்சு காணாமப் போகும், 200 கனஅடி ஓடும்போது அதே கழிவு ஆத்தை மாத்திடும். அதனால தண்ணி அளவும் தண்ணி தரமும் தனித்தனி விஷயம் இல்ல, கோடையில ஆத்துல ஓட்டத்தைக் குறைச்சாலே மாசு அடர்த்தி ஏறும். 2018ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மாசடைஞ்ச ஆத்துப் பகுதிகள் பட்டியல்ல தாமிரபரணியும் இருக்கு. பிஓடி, அதாவது கழிவைத் தின்னுற பாக்டீரியா இழுத்துக்கிற ஆக்சிஜன் அளவு, குளிக்கிற தண்ணியில லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது, அதைத் தாண்டுறதாலதான் பட்டியல்ல வந்துச்சு. கூவம் மாதிரி ஆயிடல, இன்னும் மீட்கக்கூடிய நிலைதான், அதனாலதான் எனக்கு அவசரமா இருக்கு.

இதுல பேசப்படாத ஒரு பாதை இருக்கு. சுத்தமல்லியிலேர்ந்து வர்ற நெல்லை கால்வாய் திருநெல்வேலி டவுன் வழியா போகுது, பழவூர்லேர்ந்து வர்ற பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியா போகுது. ரெண்டும் பாசனக் கால்வாய், ஊருக்குள்ள நுழையும்போது தண்ணியா நுழைஞ்சு வெளிய வரும்போது பாதி சாக்கடையா வருது. வீட்டுப் பின்பக்கத்துலேர்ந்து பைப் நேரா கால்வாய்க்குள்ள நீட்டிக்கிட்டிருக்கும், டவுன்ல நடந்து போனாலே பார்க்கலாம். அந்தத் தண்ணிதான் கீழ வயலுக்கும் குளத்துக்கும் போகுது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைஞ்ச தண்ணி, அதனாலதான் குளத்துல அமலை இப்படிக் காடா வளருது. வருஷா வருஷம் மெஷின் வச்சு அமலையை எடுக்கிறோம், உரம் போட்டு வளர்க்கிற சாக்கடையை விட்டுடுறோம், அடுத்த வருஷம் மறுபடி வந்துடுது.

மேல பாபநாசத்துலயும் பிரச்சனை இருக்கு, வேற மாதிரி. பரிகாரம்னு குளிச்சுட்டு உடுத்தின துணியை ஆத்துலயே விட்டுட்டுப் போற பழக்கம், படித்துறைக்குக் கீழ தண்ணிக்குள்ள இறங்கினா கால்ல துணிதான் சுத்தும், பாறை இடுக்குல மூட்டை மூட்டையா சிக்கிக் கிடக்கும், மீன் முட்டையிடுற இடமும் அதுதான். காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்குல ஜனம் காட்டுக்குள்ள வந்து தங்குறாங்க. பக்தி வேற, இது வேற, நம்ம தாத்தா பாட்டி காலத்துலயும் அங்க போனாங்க, அப்ப பாலிஸ்டர் துணியும் ஷாம்பு பாக்கெட்டும் கிடையாது. 2025ல பாபநாசம் படித்துறைப் பக்கம் சோப்பு, ஷாம்பு விற்க உயர்நீதிமன்றம் தடை போட்டது சரியான முடிவுன்னுதான் சொல்வேன்.

உயிர்கள் பக்கம் பார்த்தா நம்பிக்கைக்கும் இடம் இருக்கு. இந்த ஆத்துப் பேரையே வச்சிருக்கிற ஒரு சின்னக் கெண்டை மீன் இனம் இருக்கு, டாகின்சியா தாம்பிரபரணியை, 1954ல விவரிச்சது, இந்த ஆத்துப் படுகையை விட்டா வேற எங்கயும் கிடையாது. அதுக்குப் போட்டியா ஜிலேபிக் கெண்டை (திலாப்பியா) குளமெல்லாம் நிறைஞ்சு கிடக்கு, டேம்ல தண்ணி தேங்கி நிக்கிறது ஜிலேபிக்கு வசதி, ஓட்டத்துல வாழ்ற நம்ம மீனுக்கு நஷ்டம். கடனாநதி வந்து சேர்ற திருப்புடைமருதூர்ல ஊர் மக்களே பறவைகளைக் காப்பாத்தி, 2005ல நாட்டுலயே முதல் கன்சர்வேஷன் ரிசர்வா அந்த இடம் அறிவிக்கப்பட்டுச்சு. கோயில் பக்கத்து மருத மரத்துல நாரை கூடு கட்டும், கீழ சந்தடி நடந்துக்கிட்டே இருக்கும், யாரும் கல் எறிய மாட்டாங்க. ஆத்தங்கரை மருத மரங்களைப் பத்தி இங்கயே சொல்லிடுறேன், அந்த வேர்தான் கரையை அரிக்காம பிடிக்குது, நிழல்தான் தண்ணியைச் சூடாகாம வச்சிருக்கு, கரையை அழகுபடுத்துறோம்னு கான்கிரீட் சுவர் வைக்கும்போது போறது இதெல்லாம்தான்.

கடைசியா ஒரு வாதத்துக்குப் பதில் சொல்லணும், ஏன்னா கண்டிப்பா யாராவது கேப்பீங்க: வருஷத்துக்கு 13,758 மில்லியன் கனஅடி வீணா கடலுக்குப் போகுது, அதைத் திருப்பினா என்னன்னு. அந்தக் கணக்குலதான் கன்னடியன் கால்வாயிலேர்ந்து கருமேனியாறு, நம்பியாறு வரைக்கும் சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய் 2009ல ஆரம்பிச்சு 2025ல பயன்பாட்டுக்கு வந்திருக்கு, 2,765 மில்லியன் கனஅடி வரைக்கும் வெள்ளக்காலத் தண்ணியை சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் தேரிக்காட்டு வறண்ட ஊர்களுக்குக் கொண்டு போகலாம். நான் இதை ஆதரிக்கிறேன், அந்த ஊர்க்காரங்க எத்தனை தலைமுறையா தண்ணிக்குத் தவிச்சிருக்காங்கன்னு பார்த்தவன். ஆனா வெள்ளத்தை மட்டும் எடுக்கணும், மிச்சம் வீண் கிடையாது. புன்னைக்காயல் முகத்துவாரத்துல இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்றதுக்கு நல்ல தண்ணியும் வண்டலும் வேணும், கடல் மீனவனோட வலையில விழுறதுல ஒரு பங்கு அந்தக் கலங்கல் தண்ணி கொண்டு வந்தது. ஆத்துல ஓட்டம் நின்னா கடல் உப்பு உள்ள ஏறும். முக்காணியில தடுப்பணை கட்டினதே அதுக்காகத்தான். ஆத்தூர் வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது, வெத்தலைக் கொடிக்கு உப்புத் தண்ணி ஆகவே ஆகாது.

மாஞ்சோலை பத்தியும் சொல்லணும். 1929ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த 8,374 ஏக்கர், 2028ல முடியுது, தேயிலைக் கம்பெனி 2024லயே வேலையை நிறுத்திடுச்சு. நீரியல் பார்வையில அது ஆத்தோட முக்கியமான நீர்ப்பிடிப்பு, மறுபடி காடாகுறது ஆத்துக்கு நல்லது, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அங்க நாலு தலைமுறையா உழைச்சவங்க இருக்காங்க. 1999 ஜூலை 23ல அவங்க கூலிக்காக நடத்தின ஊர்வலத்துல தடியடிக்குப் பயந்து ஆத்துல இறங்கி 17 பேர் செத்துப் போனது இதே தாமிரபரணியிலதான். அவங்களுக்கு வீடும் பிழைப்பும் ஒழுங்கா தராம காட்டை மட்டும் மீட்டோம்னு சொல்லக் கூடாது. காட்டை மீட்கும்போதும் சீக்கிரம் வளருதுன்னு யூகலிப்டஸோ சீகை மரமோ நடாம, அங்க இருந்த மரங்களையே, அந்த மலையைத் தெரிஞ்ச காணிப் பழங்குடி மக்களையும் எஸ்டேட் தொழிலாளிகளையும் வேலைக்கு வச்சு வளர்க்கலாம்.

எதை மொதல்ல சரி பண்ணணும்னு கேட்டா, நெல்லை கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் விழுற வீட்டுக் குழாய்களைப் பாதாளச் சாக்கடையோட சேர்க்கிறதைச் சொல்வேன், செலவுக்குப் பலன் அதிகம் அங்கதான். ரெண்டாவது, ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழ கோடையிலும் இத்தனை கனஅடி கட்டாயம் போகணும்னு ஒரு எண்ணை அரசாணையா எழுதணும், அது எவ்ளோங்கிறதை மீனவர், வெத்தலை விவசாயி, நீர்வளத்துறை இன்ஜினியர் எல்லாரையும் உக்கார வச்சு முடிவு பண்ணலாம். எழுதின பிறகு அந்த அளவு அன்னைக்கு உண்மையிலேயே போச்சாங்கிறதை, பாபநாசம் நீர்மட்டத்தைப் போடுற அதே பெட்டிச் செய்தியில தினமும் போட்டா போதும், கடைமடைக்காரங்க மீதியைப் பார்த்துப்பாங்க.